மாதா மாதம் சீஸ், மாதா மாதம் உதவி: பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

போன மாதம் முதல் வாரத்தில் பெரம்பூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. அண்ணன் மகள் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் எனக்கு மூன்று மாதச் சந்தா கட்டியிருக்கிறாள். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பை, இரண்டு ஐஸ் பாக்கெட். இரண்டும் உருகித் தண்ணீராகிவிட்டன. அவற்றுக்கு அடியில் நான்கு சீஸ்: உப்புத் தண்ணீரில் மிதக்கும் ஃபெட்டா, மிளகு பதித்த கெட்டியான மஞ்சள் துண்டு, தோசைக்கல்லில் வாட்டிச் சாப்பிடும் ஹலூமி, அப்புறம் மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்த, உள்ளங்கை அளவு வட்டம் ஒன்று.

அம்மா அந்த வட்டத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது பூசணம் புடிச்சிருக்குடி, திருப்பி அனுப்பிடு."

அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். "அத்தை, அந்தப் பூஞ்சையை அவங்களே வளர்க்குறாங்க. அரை மணி நேரம் வெளியே வெச்சிட்டு, தோலோடவே சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டோம். வெண்ணெயும் காளானும் கலந்த மாதிரி ஒரு ருசி. அம்மா இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெட்டியின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "உங்கள் பெட்டியின் ஒரு பங்கு வடசென்னைக் குழந்தைகளின் மாலை நேர வகுப்புகளுக்குப் போகிறது." பெட்டியின் விலை ஆயிரத்து ஐநூறு ரூபாய். அதில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? ஐந்து ரூபாயா, ஐந்நூறா? யாருக்கு, எப்போது, எந்த வழியில் போகிறது? கையால் செய்த சீஸை மாதாமாதம் அனுப்பி, அதோடு ஒரு நல்ல காரியத்தையும் சேர்த்து விற்கும் இந்த முறை வெளிநாடுகளில் வளர்ந்து இப்போது நம் ஊருக்கும் வந்திருக்கிறது. உதவி வாங்கும் பகுதி என்று எங்கள் வடசென்னையின் பெயரையே அச்சடித்திருப்பதால், இதன் கணக்கை உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பத்து லிட்டருக்கு ஒரு கிலோ

முதலில் சீஸின் விலை. பாலில் கிட்டத்தட்ட 87 சதவீதம் தண்ணீர். சீஸ் செய்வது என்றால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை வெளியேற்றிவிட்டு, புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துவைப்பது. கெட்டியான சீஸ் ஒரு கிலோ வேண்டுமானால் சுமார் பத்து லிட்டர் பால் வேண்டும். ஃபெட்டா போல ஈரம் அதிகமுள்ளதற்கு அதைவிடக் குறைவாகப் போதும். நம் வீட்டில் தயிருக்கு உறைமோர் விடுவதுபோல முதலில் நல்ல பாக்டீரியாவை விட்டுப் பாலைக் கொஞ்சம் புளிக்கவைக்கிறார்கள். பிறகு ரென்னட் என்ற நொதியைச் சில சொட்டு விட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் பால் அல்வா போல உறைந்துவிடும். ஐரோப்பாவில் இந்த ரென்னட்டைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது பழைய வழக்கம். இந்தியாவின் உணவுத் தர விதிப்படி இங்கே செய்யும் சீஸில் விலங்கு ரென்னட் கூடாது. நுண்ணுயிரிகளிலிருந்து கிடைப்பதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சைவர்கள் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

உறைந்ததைக் கத்தியால் சின்னச் சதுரங்களாக வெட்டினால் பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் பிரியும். அதை வடித்து, அச்சில் போட்டு, அழுத்தி, உப்பிடுவார்கள். இதுவரை ஒரு நாள் வேலை. அதற்கு மேல் காத்திருப்புதான். மேலே வெள்ளைப் பூஞ்சை வரும் வகைகளுக்குச் சில வாரம், செடார் போன்ற கெட்டியான வகைகளுக்கு மாதக்கணக்கு. அந்த அறையில் வெப்பம் 10 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காற்றில் ஈரமும் நிறைய வேண்டும். கொடைக்கானலிலோ குன்னூரிலோ அந்தக் குளிரில் பாதியை மலை கொடுத்துவிடும். சென்னையில் மே மாதம் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது அந்த அறையை 12 டிகிரியில் வைப்பதற்கு மின்கட்டணம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடையில் நமக்குப் பழக்கமான சீஸ் வேறு ஜாதி. எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸுக்கு பர்மா பஜாரில் கிராஃப்ட் டின் சீஸ் வாங்கி வந்து எங்களுக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். டின்னிலும் ஸ்லைஸிலும் வருவது பதப்படுத்திய சீஸ்: ஏற்கெனவே செய்த சீஸை உருக்கி, உப்புகள் சேர்த்து, என்றைக்கும் ஒரே ருசி வரும்படி ஆக்கியது. மாதக்கணக்கில் கெடாது. பெட்டியில் வரும் சீஸ் உயிரோடு இருக்கிறது. வாரத்துக்கு வாரம் மாறும், பசு தின்ற தீவனத்துக்கு ஏற்ப மணம்கூட மாறும். அதனால்தான் கடை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்து விற்க முடியாமல், செய்தவர் கையிலிருந்து நேராக வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

சரி, காசு. 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக்கியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்தக் கணக்கிலேயே ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குப் பால் மட்டும் 380 ரூபாய். சின்ன சீஸ்காரர்கள் ஒரே பண்ணையின் தரமான பால் வேண்டும் என்று இதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். என் பெட்டியில் இருந்த நான்கு துண்டும் சேர்த்து முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பாலுக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்தாலும், மீதி எல்லாம் கூலி, குளிர், வீணாகும் துண்டுகள், பெட்டி, ஐஸ், கூரியர், வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது இந்தச் சின்னத் தொழிலுக்கு நிஜமான ஆறுதல்.

முன்பணம் என்ற ரகசியம்

மாதச் சந்தா ஏன்? விற்பனை உத்தி என்று சொல்லித் தாண்டிவிடலாம். ஆனால் சீஸ் தொழிலில் அதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. பாலுக்கு இன்றைக்கே காசு கொடுத்தாக வேண்டும். முதிர வேண்டிய சீஸ் விற்றுக் காசு வர மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை பணம் அலமாரியில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும்.

இத்தாலியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பார்மிஜானோ சீஸ் ஒவ்வொன்றும் 40 கிலோ எடை. ஒன்றுக்கு 500 லிட்டருக்கு மேல் பால். குறைந்தது 12 மாதம், பல நேரம் 24 மாதம் முதிர வேண்டும். அங்குள்ள கிரெடிடோ எமிலியானோ என்ற வங்கி, முதிர்ந்துகொண்டிருக்கும் சீஸ் உருண்டைகளையே அடமானமாக எடுத்துத் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு கடன் கொடுக்கிறது. நம் ஊரில் நகையை வைத்துப் பணம் புரட்டுவது போலத்தான். சென்னையில் சின்னதாக சீஸ் செய்பவருக்கு அப்படி ஒரு வங்கி கிடையாது. மாதம் பிறந்ததும் முன்பணம் கட்டும் இருநூறு முந்நூறு வீடுகள்தான் அவருடைய பால் பாக்கியைத் தீர்க்கின்றன.

விவசாயத்தில் இது பழகிய ஏற்பாடு. 1986-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள், பருவம் தொடங்கும் முன்பே பக்கத்து வீடுகளில் பணம் வாங்கிக்கொண்டு, விளைந்ததை வாரா வாரம் பங்கு பிரித்துக் கொடுத்தன. இன்றைய காய்கறிப் பெட்டி, சீஸ் பெட்டி எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் அமெரிக்கா வரை போகவே வேண்டாம். ஆவின் பால் கார்டு இருக்கிறதே! மாதத்துக்கு ஒருநாள் டெப்போவில் வரிசையில் நின்று முழு மாதக் காசையும் கட்டினால், தினமும் காலையில் பாக்கெட் நிச்சயம்; சில்லறை விலையைவிடக் கொஞ்சம் குறைவும்கூட. நமக்கு நிச்சயம், அவர்களுக்கு முன்பணம். எங்கள் அம்மா முப்பது வருடமாகக் கட்டும் சந்தா அது. சீஸ் பெட்டியைப் பற்றி அவருக்கு இப்படிச் சொன்னதும் சட்டென்று புரிந்துவிட்டது.

2020-ல் ஊரடங்கு வந்தபோது இந்த ஏற்பாட்டின் பலம் தெரிந்தது. அமெரிக்காவில் உணவகங்கள் மூடியதும் சீஸ் தேங்கியது. சீஸ்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து விக்டரி சீஸ் பாக்ஸ் என்று பெட்டி கட்டி வீடுகளுக்கு நேரடியாக விற்கத் தொடங்கினார்கள். பெட்டி வாங்குவதே ஒரு கைகொடுப்பு என்ற எண்ணம் அப்போது பரவலாக மனதில் பதிந்தது.

'ஒரு பங்கு' என்றால் எவ்வளவு

பொருளோடு உதவியைச் சேர்த்து விற்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் நிகழ்வு 1983-ல் நடந்தது. சுதந்திர தேவி சிலையைச் சீரமைக்க அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது: கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சென்ட், புதிய கார்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர். மூன்று மாதத்தில் 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அதே மூன்று மாதத்தில் கார்டு பயன்பாடும் கால் பங்குக்கு மேல் கூடியது. இரு தரப்புக்கும் ஆதாயம். நான் இதில் கவனிப்பது அந்த 'ஒரு சென்ட்' என்ற வார்த்தையை. தொகை சின்னது, ஆனால் துல்லியமானது. யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துவிடலாம்.

ஆனால் பல பெட்டிகளில் எழுதியிருப்பது 'லாபத்தில் பத்து சதவீதம்'. கேட்க நன்றாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு, மாதம் 300 பெட்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 50 ரூபாய் என்று நிர்ணயித்தால் மாதம் 15,000 ரூபாய். அதுவே லாபத்தில் பத்து சதவீதம் என்றால்? பெட்டிக்கு நூறு ரூபாய் லாபம் நின்றால் 3,000 ரூபாய். புதிய தொழிலில் முதல் இரண்டு வருடம் லாபமே நிற்காமல் போகலாம். அப்போது பத்து சதவீதம் என்பது பூஜ்யம். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் குழந்தைகளுக்கு ஒரு பைசா போகவில்லை. லாபம் முழுவதையும் கொடுத்துவிடுவது என்று 1982-ல் தொடங்கி நிலைத்த நியூமன்ஸ் ஓன் போன்ற அமெரிக்க உணவு நிறுவனங்கள் இருக்கின்றன. அது பெரிய மனது, பெரிய விற்பனை இரண்டும் சேர்ந்தால் நடக்கும். சின்னத் தொழிலுக்குப் பெட்டிக்கு இத்தனை ரூபாய் என்பதுதான் நேர்மையான வழி என்பது என் கருத்து. விற்பவருக்கும் அது நல்லது. ஆயிரத்து ஐநூறில் ஐம்பது போய்விடும் என்று முதலிலேயே தெரிந்து விலை வைப்பார்.

வரி விஷயத்தில் நிறைய பேர் குழம்புகிறார்கள். பெட்டி வாங்கிவிட்டு, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை ரசீது கேட்டால் கிடைக்காது. நன்கொடை கொடுப்பது நிறுவனம், நாம் சீஸ் வாங்கினவர்கள், அவ்வளவுதான். வரிச்சலுகை வேண்டுமென்றால் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு நம் பெயரில் நேரடியாகக் கொடுக்க வேண்டும்; அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. இன்னொன்று, பெட்டியின் விலைக்குள்ளேயே நன்கொடையும் அடங்கியிருந்தால் முழு விலைக்கும் ஜிஎஸ்டி விழும். அதனால் விவரமான சில விற்பனையாளர்கள் சீஸுக்கு ஒரு பில், விருப்ப நன்கொடைக்குத் தனி ரசீது என்று பிரித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. கொடுத்தது நாம் என்ற உணர்வும் வருகிறது, எவ்வளவு என்பதும் தெரிகிறது.

தானாகக் காசு பிடிக்கும் சந்தா பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே செய்தி வர வேண்டும். அந்தச் செய்தியைத் தள்ளிவிடாமல் படியுங்கள். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்திவிடலாம்.

சீட்டில் எழுதாத உதவி

கணக்குப் பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றியது ஒன்று. சீஸ் தொழிலில் பெரிய உதவி அந்தத் துண்டுச் சீட்டில் இருப்பதில்லை, பல நேரம் சீஸ் செய்யும் அறைக்குள் இருக்கிறது. 2016-ல் சென்னையில் தொடங்கிய காஸே என்ற நிறுவனம் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குச் சீஸ் செய்யக் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுத்தது. காஸே என்றால் ஜெர்மன் மொழியில் சீஸ். பாலைக் கிளறுவது, வெட்டுப் பதம் பார்ப்பது, உருண்டைகளைத் திருப்பி வைப்பது எல்லாம் கண்ணும் கையும் கவனமும் கேட்கும் வேலை. உதாரணமாக, காது கேட்காதவர்கள் அதில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இப்படி மாதச் சம்பளமாகப் போவது, நன்கொடையாகப் போவதைவிடப் பெரிய உதவி என்று எனக்குப் படுகிறது.

இதை வடசென்னைக்காரியாக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியின் பெயர் எப்போதும் 'உதவி பெறுவோர்' என்ற கட்டத்தில்தான் வருகிறது. ஆனால் மாதவரம் பால்பண்ணை இங்கேதான் இருக்கிறது. 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் அங்கேதான். செங்குன்றம் தாண்டி கோடுவள்ளியில் உணவு, பால் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பால் அறிவு இவ்வளவு குவிந்த இடத்தில், வியாசர்பாடிப் பெண்களும் கொருக்குப்பேட்டைப் பெண்களும் சீஸ் அறையில் வேலை பார்க்க முடியாதா? பெட்டி கட்டும் வேலையாவது மூலக்கடையில் நடக்கக் கூடாதா? குழந்தைக்கு ட்யூஷன் கொடுப்பது நல்லதுதான். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு வேலை கொடுத்தால் இன்னும் நல்லது.

பேரிடர் நேரத்து உதவி இன்னொரு வகை. 2012 மே மாதம் வடக்கு இத்தாலியில் நிலநடுக்கம் வந்து, கிடங்குகளில் அடுக்கியிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பார்மிஜானோ உருண்டைகள் சரிந்து சேதமடைந்தன. மக்கள் வெடித்த சீஸைத் தேடி வாங்கினார்கள். மஸ்ஸிமோ பொத்துரா என்ற சமையற்கலைஞர் அந்தச் சீஸைப் போட்டு ஒரு சோறு செய்து காட்ட, உலகெங்கும் அதைச் சமைத்தார்கள். அவசரத்துக்கு அது அருமையான வழி. நாங்களும் பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து கொசஸ்தலையாற்றில் படர்ந்து, எண்ணூர் காட்டுக்குப்பத்துப் படகும் வலையும் கறுத்துப்போனபோது, சாப்பாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. கைகூப்பி வரவேற்க வேண்டிய மனிதர்கள் வந்தார்கள். ஆனால் மார்ச் மாதம் யாரும் வரவில்லை. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மார்ச்சிலும் வந்தன.

அதனால்தான் இந்தப் பெட்டியில் எனக்கு முக்கியமாகப் படும் சொல் 'மாதாமாதம்'. என் பாட்டி கொருக்குப்பேட்டை வீட்டில் தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். பிடி அரிசி என்று கோயில்களும் சங்கங்களும் வீடு வீடாகச் சேர்த்த காலம் அது. ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாருக்கும் வயிறு காயாது. மாத முடிவில் ஒரு குடும்பத்துக்குச் சோறாகும். தினமும் போட்டதால்தான் அந்தப் பானை நிறைந்தது. ஒரு சீஸ் உருண்டையை மூன்று மாதம் காக்க என்ன வேண்டுமோ, அதுதான் ஒரு மாலை வகுப்பை வருடம் முழுக்க நடத்தவும் வேண்டும்: தேதி தவறாமல் வரும் ஒரு தொகை.

சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் தயங்காமல் சொன்னாள்: பெட்டிக்கு 40 ரூபாய், நேராக வகுப்பு நடத்துபவரின் கணக்குக்கு. அதைச் சீட்டிலேயே அச்சடிக்கலாமே என்றேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். வகுப்பு நடக்கும் இடத்தையும் சொன்னாள். வியாசர்பாடியில், ஒரு மாவு மில்லுக்கு மேல் ஒற்றை அறை. சனிக்கிழமை மாலை போனேன். முப்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே மில் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது.

வகுப்பு எடுக்கும் அக்கா நீளக் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். இடது பக்கம் வாடகை, கரண்ட், சுண்டல், சாக்பீஸ். வலது பக்கம் வரவு. அதில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்கு நேராக ஒற்றை வார்த்தை: 'சீஸ்'. ஒரு மாதமும் விடுபடவில்லை. ஆனால் ஏப்ரல், மே இரண்டிலும் தொகை பாதியாகியிருந்தது.

"வெயில்ல பெட்டி அனுப்புனா உருகிப்போவுதாம், அதனால பாதிப் பேருக்கு நிறுத்திடுறாங்க. நமக்கு லீவு நாள்லதானே பசங்க அதிகம் வராங்க? அந்த ரெண்டு மாச வாடகைக்கு என் ஏலச்சீட்டுப் பணத்துல இருந்து எடுத்துப் போட்டேன்" என்றார்.

வருடம் முழுக்க வரும் தொகையைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, ஒவ்வொரு மாதமும் ஒரே அளவாக அனுப்ப முடியுமா என்று கேட்கலாமே என்றேன். அவருக்கும் அந்த யோசனை இருந்திருக்கிறது. எப்படிக் கேட்பது என்ற தயக்கம். அங்கேயே உட்கார்ந்து என் போனில் கடிதத்தை அடித்தோம். கடந்த பன்னிரண்டு மாதத் தொகையை அவர் நோட்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை கூட்டி வகுத்துச் சொன்னாள். அந்த எண்ணைக் கடைசி வரியில் போட்டு அனுப்பினோம்.